அம்புலி மாமாவான கதை

1947ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் ஒரே இடத்திலிருந்து இரண்டு சிறுவர் மாத இதழ்கள் வெளிவந்தன. ஒன்று தெலுங்கு, மற்றது தமிழ். நடத்தியவர்கள் ஒரே ஆட்கள், திட்டமும் ஒன்றே. பெயர் மட்டும் இரண்டு. தெலுங்குக் குழந்தைக்கு அது ‘சந்தமாமா’. தமிழ்க் குழந்தைக்கு ‘அம்புலிமாமா’.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் சந்தமாமா என்பது தமிழருக்கு விளங்காத சொல் அல்ல. சந்திரனைத் தெரிந்தவருக்கு அது தானாகவே விளங்கிவிடும். அதே பெயரைத் தமிழுக்கும் வைத்திருந்தால் ஒரு விளம்பரம் இரண்டு இதழுக்கும் போதும். ஒரு பண்டத்தின் பெயரை எந்த ஊருக்குப் போனாலும் மாற்றாமல் சுமந்துபோவதுதான் வியாபாரிகளின் வழக்கம். இந்த இதழை நடத்தியவர்கள் அந்த வழக்கத்தைப் பின்பற்றவில்லை. தமிழில் நிலவுக்கு எத்தனையோ பெயர்கள் இருக்க, குழந்தைக்காக நிலவைக் கூப்பிடும்போது மட்டும் வருகிற பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வின் பின்னால் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

இதழைத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் பி. நாகிரெட்டி. கடப்பைப் பக்கத்துக்காரர், சென்னையில் அச்சகம் நடத்தியவர். இன்னொருவர் சக்ரபாணி. ஆலூரி வெங்கட சுப்பாராவ் என்பது அவருடைய இயற்பெயர், தெனாலி அவருடைய ஊர். வங்காளி கற்றுக்கொண்டு சரத் சந்திரரின் நாவல்களைத் தெலுங்கில் தந்தவர் அவர். இதழ் யோசனை சக்ரபாணியுடையது, அதை நிறைவேற்றிக் காட்டியவர் நாகிரெட்டி. இவ்விருவரும்தான் பின்னால் விஜயா நிறுவனத்தின் மூலம் ‘பாதாள பைரவி’யையும் ‘மாயாபஜா’ரையும் ‘மிஸ்ஸியம்மா’வையும் தந்தார்கள். ஆனால் படம் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே இதழ் பிறந்துவிட்டது. அவர்களுடைய முதல் படமான ‘சவுகாரு’ வந்தது 1950இல். பெயர்களைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இதையும் சொல்லிவிட வேண்டும்: சவுகார் ஜானகியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘சவுகார்’ அந்தப் படம் கொடுத்ததுதான். வைத்த பெயர் ஊர் வாயில் நிலைத்துவிடுவது இவர்களுக்கு வாய்த்த ராசி போலும்.

இனி அம்புலிக்கு வருவோம்.

நிலவுக்குத் தமிழில் பழைய பெயர்கள் திங்களும் மதியும். சங்கப் பாட்டுகளில் இவை இரண்டும் நிறைய வரும். நிலா, நிலவு என்பவை அங்கே பெரும்பாலும் ஒளியைக் குறிக்கும். ‘நிலாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம்’ என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்தப் பழைய பொருள்தான். வானத்தில் இருக்கும் உருண்டைக்கே நிலா என்று பெயரானது அடுத்து நடந்த மாற்றம். திங்கள் என்பது நிலவுக்கும் மாதத்துக்கும் பொதுவான பெயர். தெலுங்கில் ‘நெல’ என்ற சொல்லும் அப்படியே மாதத்தையும் நிலவையும் குறிக்கிறது. மாதம் ஒருமுறை வரும் இதழுக்கு நிலவின் பெயரை வைத்தது எவ்வளவு பொருத்தம் என்பது அந்தச் சொற்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். அப்படியிருக்க ‘திங்கள்மாமா’ என்றோ ‘மதிமாமா’ என்றோ ஏன் வைக்கவில்லை? சொல்லிப் பாருங்கள், ஒட்டாது. திங்கள் நாட்காட்டிக்குப் போய்விட்டது. மதி அறிவுக்கும் பொருளாகி, பெரியவர்களின் சொல்லாகிவிட்டது. நிலா மென்மையாகவும் பெண்மையாகவும் நிற்கிறது. இன்று எத்தனையோ பெண் குழந்தைகளுக்கு நிலா என்று பெயர் வைக்கிறார்கள். அதன் பின்னால் மாமாவைச் சேர்த்தால் காதுக்கு இடறும். அம்புலி என்ற சொல்தான் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அம்புலியின் உடன்பிறப்பு மலையாளத்தில் இருக்கிறது: அம்பிளி. அங்கே அது இன்றும் வீட்டுச் சொல். கேரளத்தில் பெண்களுக்குப் பெயராகவும் வழங்குகிறது. நீர் என்று பொருள்படும் வடமொழி ‘அம்பு’வோடு அம்புலியைச் சேர்த்துப் பார்க்கும் ஆசை வரும். நிலவு குளிர்ச்சியானது, கடலிலிருந்து எழுவது என்றெல்லாம் காரணமும் கற்பிக்கலாம். ஆனால் அப்படிப் பிரித்தால் மிச்சமாக நிற்கும் ‘உலி’க்கு விடை இல்லை. தமிழும் மலையாளமும் பொதுவாகப் பெற்ற சொல் என்று கொள்வதே எனக்கு நேரான வழியாகப் படுகிறது. ‘அம் புலி’ என்று பிரித்து அழகிய புலி என்று பொருள் காண்பது புலவர் விளையாட்டு. அந்த விளையாட்டுக்கும் ஒரு காரணம் உண்டு, சற்று நேரத்தில் வருகிறது.

வேரைவிட இந்தச் சொல்லின் நடமாட்டம்தான் சுவையானது. பெரியாழ்வாரிடம் போனால் அதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ணனைக் குழந்தையாக்கி, தன்னைத் தாயாக்கிக்கொண்டு அவர் பாடிய பாசுரங்களில் நிலவை அழைக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. குழந்தை தவழ்கிறான். நெற்றிச் சுட்டி முன்னால் தொங்கி ஆடுகிறது, அரையில் கிண்கிணி ஒலிக்கிறது, கை புழுதியை அளைகிறது. தாய் நிலவைப் பார்த்துச் சொல்கிறாள்: உனக்குக் கண் இருந்தால் வந்து இவன் ஆடுவதைப் பார். அடுத்த பாட்டில் குழந்தை கையை நீட்டி நீட்டிக் கூப்பிடுகிறான், மேகத்துக்குள் போய் ஒளியாதே என்கிறாள். அதற்கடுத்ததில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிள்ளைக்குக் கை வலிக்கும் என்கிறாள். அந்த இடத்தில்தான் அம்புலி என்ற விளி வந்து விழுகிறது. முதலிரு பாட்டுகளில் மாமதி என்று மரியாதையாக அழைத்தவள், கை நோகும் என்ற கவலை வந்ததும் அம்புலீ என்கிறாள். பெரிய கவிஞர்கள் சொல்லைத் தெரிந்துதான் போடுவார்கள். பின்னால் நிலவு வராமல் நிற்க நிற்க அவள் குரல் மாறுகிறது. சிறியவன் என்று இவனை இளக்காரமாக நினைக்காதே, இவன் கையில் இருப்பது சக்கரம் என்று மிரட்டவும் தொடங்குகிறாள்.

இது தமிழ்த் தாய்மார்கள் எல்லோரும் அறிந்த நாடகம்தான். சோற்றுக் கிண்ணத்தோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறவள் முதலில் நிலவைக் கொஞ்சுகிறாள். நிலவும் வரவில்லை, பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை என்றால் கெஞ்சுகிறாள். அதற்கும் பலன் இல்லாவிட்டால், ‘நீ சாப்பிடலைன்னா அம்புலி எடுத்துக்கிட்டுப் போயிடும்’ என்று இருவரையும் சேர்த்து மிரட்டுகிறாள்.

இந்த வாசல் நாடகத்தைப் புலவர்கள் இலக்கணமாகவே வகுத்துவிட்டார்கள். பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியத்துக்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று வந்து ஏழாவதாக நிற்பது அம்புலி. கடைசி மூன்றும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் மாறும். முதல் ஏழும் இருபாலுக்கும் பொது. அதாவது ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ, அரசனோ தெய்வமோ, நிலவை விளையாட அழைக்காமல் தமிழில் வளர முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழன் குலோத்துங்கனையே பிள்ளையாக்கிப் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியைக் குழந்தையாக்கினார். முருகன், நபிகள் நாயகம், இயேசு, காந்தி என்று எல்லோருக்கும் பிள்ளைத்தமிழ் உண்டு. பாட்டுடைத் தலைவர் யாராக இருந்தாலும் அழைக்கப்படுகிறவன் ஒருவன்தான்.

இந்தப் பருவம் பாடுவது எளிதல்ல. நிலவை அழைக்க நான்கு உபாயங்களையும் கையாள வேண்டும் என்பது மரபு. சாமத்தில் நிலவும் குழந்தையும் ஒன்று என்று இரட்டுறப் பேசவேண்டும்: உனக்கும் கலை உண்டு, இவளுக்கும் கலை உண்டு. பேதத்தில் வேறுபாடு காட்டவேண்டும்: நீ தேய்வாய், இவள் தேயமாட்டாள். தானத்தில் ஆசை காட்டவேண்டும்: இவளிடம் வந்தால் தக்கன் கொடுத்த சாபமும் தீரும், பாம்பு பிடிக்கும் பயமும் போகும். தண்டத்தில் மிரட்டவேண்டும்: தக்கன் வேள்வியில் வீரபத்திரன் காலில் பட்ட பாடு மறந்துபோயிற்றா? ஒரே நிலவை ஒரே பருவத்துக்குள் புகழ்ந்து, தாழ்த்தி, ஆசைகாட்டி, அச்சுறுத்தி வரவழைப்பது பாடுகிறவருக்குப் பெரும் சோதனை. அதனால்தான் பிள்ளைக்கவியில் அம்புலி புலி என்று புலவர்கள் பேசிக்கொண்டார்கள். மேலே சொன்ன சொல் விளையாட்டின் காரணம் இதுதான்.

இவ்வளவையும் எடுத்துக் காட்டுவதற்கு ஒரு நோக்கம் உண்டு. அம்புலி என்ற சொல் எங்கே வந்தாலும் பக்கத்தில் ஒரு குழந்தை இருக்கிறது, ஒரு தாய் இருக்கிறாள், ‘வா’ என்ற ஒரு வினை இருக்கிறது. மதி உதிக்கும், திங்கள் தேயும், நிலா காயும். அம்புலியின் வேலை அழைத்தால் வருவது. 1947இல் பெயர் வைத்தவர்கள் பெரியாழ்வாரையும் குமரகுருபரரையும் புரட்டிப் பார்த்துத்தான் வைத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. சொல்லே அந்த நினைவைச் சுமந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு மாதமும் குழந்தை காத்திருக்க, வந்து சேருகிற ஒன்றுக்கு அதைவிடச் சரியான பெயர் தமிழில் இல்லை.

மாமாவுக்கு வருவோம். நிலவு ஏன் மாமா? சித்தப்பாவாகவோ தாத்தாவாகவோ ஏன் இல்லை?

புராணத்தில் ஒரு விடை இருக்கிறது. பாற்கடலைக் கடைந்தபோது இலக்குமியும் சந்திரனும் அதிலிருந்து தோன்றினார்கள். ஆகவே சந்திரன் இலக்குமிக்கு உடன்பிறந்தவன். உலகத்துக்குத் தாய் இலக்குமி என்றால் அவள் உடன்பிறந்தான் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தாய்மாமன். அழகான கணக்கு. ஆனால் இது உறவு ஏற்பட்ட பிறகு சொன்ன காரணம் என்றே நினைக்கிறேன். எனக்குத் தோன்றும் காரணம் எளியது. குழந்தைக்கு நிலவைக் காட்டுகிறவள் தாய். தாய் காட்டுகிற ஆண் யாராக இருந்தாலும் அவளுக்கு அண்ணன் அல்லது தம்பி. அப்படியானால் பிள்ளைக்கு மாமா. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரையோ காட்டி, ‘மாமாவுக்கு டாட்டா சொல்லு’ என்கிறாளே, அந்த வழக்கம்தான் வானம் வரை நீண்டிருக்கிறது.

தாய்மாமனுக்குத் தமிழ் வீட்டில் உள்ள இடமும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைக்குக் காது குத்துவது மாமன் மடியில் வைத்து. பெண்ணுக்குச் சடங்கென்றால் முதல் சீர் மாமன் வீட்டிலிருந்து. அப்பாவிடம் கேட்கப் பயந்ததை மாமனிடம் கேட்கலாம். வெறுங்கையோடு வராதவன் மாமன். வடநாட்டிலும் தாய்மாமன் திருமணத்துக்குச் சீர் சுமந்து வருகிறவன்தான், அங்கேயும் நிலவு ‘சந்தா மாமா’தான். இந்தியாவின் இரு பெரும் மொழிக் குடும்பங்களும் முறைப் பெயர்களில் எவ்வளவோ வேறுபட்டாலும் இந்த ஒரு முறையில் ஒத்துப்போகின்றன.

ஆனால் ஓரிடத்தில் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. நேருவை இந்திக் குழந்தைகள் ‘சாச்சா’ என்றார்கள். சாச்சா என்றால் அப்பாவின் தம்பி. அந்த நேரு தமிழுக்கு வந்ததும் ‘நேரு மாமா’ ஆகிவிட்டார். முறைப்படி ‘நேரு சித்தப்பா’ என்றல்லவா வந்திருக்க வேண்டும்? யாருக்கும் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அன்பாக வரும் வெளி ஆள் என்றால் தமிழ்க் குழந்தைக்கு அவர் மாமாதான். சிறுவர்களுக்காக வாழ்நாள் முழுக்க எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தியும் ‘வாண்டுமாமா’ என்ற பெயரிலேயே வாழ்ந்தார். சென்னை வானொலியில் மட்டும் குழந்தைகளுக்கு ஓர் ‘அண்ணா’ கிடைத்தார். கூத்தபிரானை ‘வானொலி அண்ணா’ என்றே ஒரு தலைமுறை அறியும்.

மாமா என்ற சொல் ஒலியால் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பல் முளைக்காத வாயில் உதடு சேர்ந்து பிரிந்தால் வரும் ஒலிகள் மகரமும் பகரமும். அம்மா, அப்பா, மாமா, பாப்பா எல்லாம் அந்த வரிசை. தமிழில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு: அம்மான். ஈழத்தில் இன்றும் தாய்மாமனை அம்மான் என்று அழைப்பார்கள். தமிழ்நாட்டில் சில வீடுகளில் அம்மான் சேய் ‘அம்மாஞ்சி’யாக மிஞ்சியிருக்கிறது. ஆழ்வார்கள் பாட்டில் அம்மான் என்றால் தலைவன், இறைவன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மலையாள இதழின் பெயரைப் பாருங்கள்: ‘அம்பிளி அம்மாவன்’. அம்புலியும் பழைய வடிவின் உறவு, அம்மானும் பழைய வடிவின் உறவு. தமிழ்ப் பெயரை மலையாளத்தில் சொல்லவில்லை அவர்கள். மலையாளி எப்போதும் சொல்லிவந்ததையே எடுத்துக்கொண்டார்கள்.

தமிழுக்கும் தெலுங்குக்கும் செய்ததை ஒவ்வொரு மொழிக்கும் செய்தார்கள் என்பதுதான் இந்தப் பெயரின் வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் பகுதி. 1948இல் கன்னடம், 1949இல் இந்தி. இரண்டிலும் சந்தமாமா என்பது நாட்டு வழக்கு, ஆகவே அதுவே நின்றது. 1952இல் மராத்திக்குப் போனபோது பெயர் ‘சாந்தோபா’ ஆயிற்று. மராத்தியில் ‘பா’ என்பது மதிப்பும் வாஞ்சையும் கலந்து பெயரின் பின் சேர்க்கும் அசை. விட்டலன் அங்கே ‘விடோபா’, கண்டேராயன் ‘கண்டோபா’. மராத்திக் குழந்தை நிலவையும் அந்த வரிசையில் சேர்த்து அழைக்கிறது. இதழும் மாமாவை விட்டுவிட்டு அந்த ‘பா’வை ஏற்றுக்கொண்டது. உறவுப் பெயரே போனாலும் பரவாயில்லை, குழந்தை கூப்பிடும் குரல் போகக்கூடாது என்று எண்ணியிருக்கிறார்கள். ஒடியாவில் 1956இல் அது ‘ஜன்ஹமாமு’. ‘ஜன்ஹ’ என்பது நிலவொளியைக் குறிக்கும் ‘ஜ்யோத்ஸ்னா’ என்ற வடசொல்லின் தேய்ந்த வடிவு. தமிழில் நிலாவுக்கு நேர்ந்ததே அங்கேயும் நேர்ந்திருக்கிறது: ஒளியின் பெயர் ஒளி தருவதற்கு ஆகிவிட்டது. சிங்களத்தில் இதழின் பெயர் ‘அம்பிலி மாமா’. நம் சொல்லின் எதிரொலி கடல் கடந்து கேட்கிறது.

சமஸ்கிருதப் பதிப்பு 1984இல் வந்தது. அங்கே நிலைமை விசித்திரம். இலக்கணப்படி சந்திரன் ‘சந்த்ர’, தாய்மாமன் ‘மாதுல’. பண்டிதர் கையில் விட்டிருந்தால் ‘சந்த்ரமாதுல’ என்று ஏதாவது வந்திருக்கும். வைத்த பெயர் ‘சந்தமாமா’தான். பிராகிருத வழியாகத் தேய்ந்து, தெலுங்குத் தாய்மார்களின் வாயில் புழங்கிய சொல் சமஸ்கிருத இதழின் முகப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தெலுங்கில் அந்தச் சொல்லுக்கு உள்ள பெருமையும் சின்னதல்ல. அங்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் பாடும் நிலாப் பாட்டைப் பதினைந்தாம் நூற்றாண்டின் அன்னமய்யாவுடையது என்று போற்றுவார்கள்.

இதே வீட்டிலிருந்து 1966இல் தமிழில் ஒரு சினிமா மாத இதழ் வந்தது. அதற்குப் பெயர் ‘பொம்மை’. தமிழில் பொம்மை என்றால் விளையாட்டுச் சாமான். தெலுங்கில் ‘பொம்ம’ என்பது படத்துக்கும் பெயர், சினிமாவையே ‘பொம்ம’ என்பார்கள். அந்தப் பெயர் வந்த வழி அதுவாகத்தான் இருக்கும்.

பெயர் எப்படியெல்லாம் மாறினாலும் உள்ளே கதையும் படமும் எல்லா மொழிக்கும் ஒன்றே. கதைகள் பெரும்பாலும் தெலுங்கில் எழுதப்பட்டு மற்ற மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. 1952 முதல் 1980இல் மறையும்வரை ஆசிரியப் பொறுப்பில் இருந்த கொடவடிகண்டி குடும்பராவ் தெலுங்கின் பெரிய எழுத்தாளர். எத்தனையோ கதைகளில் தன் பெயரைப் போடாமலே எழுதினார். சின்னச் சின்ன வாக்கியம், தெளிவான நடை. அந்தத் தெளிவு மொழிபெயர்ப்பிலும் தங்கியது. தமிழ் அம்புலிமாமா படித்தவர்களுக்கு அது மொழிபெயர்ப்பு என்றே தெரியாது. எனக்கும் வெகுநாள் தெரியாது. எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் அட்டை கிழிந்து, நூல் பிரிந்து கிடந்த இதழ்களில் ராஜாவும் மந்திரியும் ஆலமரத்தடியும் எங்கள் பக்கத்து ஊரில் நடந்ததாகவே தோன்றும்.

அம்புலிமாமா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது விக்கிரமாதித்தனும் வேதாளமும். அந்தத் தொடருக்குத் தலைப்பாக வந்த ஓவியத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வரைந்தவர் ‘சங்கர்’ என்று கையெழுத்திட்ட கே. சி. சிவசங்கரன். 1924இல் தாராபுரம் பக்கத்தில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, கலைமகளில் வேலைபார்த்து, 1950களின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தவர். அந்தப் படத்தில் அரசன் நடந்துகொண்டிருக்கிறான். ஒரு கையில் உருவிய வாள். தோளில் பிணம், அதன் தலைமுடி தொங்குகிறது. சுற்றிலும் சுடுகாடு, கிளைகள் முறுக்கிய மரம், எலும்பு. எல்லாம் பயமுறுத்த, அரசனின் முகம் மட்டும் அமைதியாக இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்தால் குழந்தைக்குப் பயம் விலகிவிடும். சங்கர் 2020இல் தம் 96ஆம் வயதில் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எம். டி. வி. ஆச்சாரியா, சித்ரா, வ. பா. என்று கையெழுத்திட்ட வட்டாதி பாப்பய்யா ஆகியோரும் அந்த இதழின் பக்கங்களை வளர்த்தவர்கள்.

வேதாளக் கதைகள் மூலத்தில் இருபத்தைந்துதான். பதினொன்றாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்துச் சோமதேவர் தம் கதாசரித்சாகரத்தில் அவற்றைச் சேர்த்து வைத்தார். அங்கே வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழுக்கு வந்ததும் மரம் முருங்கையாகிவிட்டது, ‘வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது’ என்று பழமொழியும் ஆகிவிட்டது. இருபத்தைந்து தீர்ந்தும் இதழ் நிறுத்தவில்லை. அதே சட்டத்துக்குள் மாதம் ஒரு புதுக் கதையாகப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. ஒவ்வொன்றின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். இரண்டு பேருமே நல்லவர்கள், இருவருமே நியாயம் செய்தவர்கள், யார் செய்தது உயர்ந்தது? விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு, அரசன் சொல்வதற்கு முன்னால் தானே ஒரு விடையைச் சொல்லிப் பார்க்காத பிள்ளை உண்டா?

இதழின் முடிவு மெல்ல நேர்ந்தது. 1998இல் தொழிலாளர் பிரச்சினையால் வெளியீடு நின்றது. 1999 டிசம்பரில் மறுபடி வந்தது. 2007இல் மும்பையைச் சேர்ந்த மென்பொருள் நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. தாளும் அச்சும் பளபளப்பாயின, ஆனால் ஆயுள் நீளவில்லை. 2013 வாக்கில் இதழ் நின்றுபோனது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சொல்லை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்த வேலை அதோடு முடிந்தது.

சொல் மட்டும் நிற்கவில்லை. அது இப்போது புதுப் பொருளில் நடமாடுகிறது. தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பாவிட்டால், ‘இதெல்லாம் அம்புலிமாமா கதை’ என்கிறார். நடக்காத திட்டம், நம்ப முடியாத வாக்குமூலம், தர்க்கமில்லாத திரைக்கதை எல்லாவற்றுக்கும் இதே பெயர். விமர்சகர்கள் எழுதுகிறார்கள், அரசியல்வாதிகள் பேசுகிறார்கள், அம்புலிமாமாவை ஒருமுறைகூடக் கையில் தொடாத இளைஞர்களும் சொல்கிறார்கள். ஓர் இதழின் பெயர் மொழியின் பொதுச் சொல்லாவது பெரிய பேறு. ஆனால் இந்தப் பொருளில் ஆனது எனக்கு வருத்தம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. பறக்கும் கம்பளமும் பேசும் கிளியும் அந்தப் பக்கங்களில் இருந்தன, உண்மை. ஆனால் கிளி பேசியது எதைப் பற்றி? பங்கு பிரிப்பதில் யார் ஏமாற்றினான், விருந்தாளிக்குச் சோறு போடாதவன் என்ன ஆனான், கொடுத்த வாக்கைக் காக்க அரசன் எதை இழந்தான் என்பதைப் பற்றி. நம்பத் தகாத கதை என்ற பொருளுக்கு ‘புளுகு’, ‘கட்டுக்கதை’, ‘அளப்பு’ என்று எத்தனை சொல் வேண்டுமானாலும் தமிழில் கைவசம் இருக்கின்றன. அவற்றோடு இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நியாயமில்லை.

ஆனாலும் வழக்கு என்பது வழக்குதான், அதை யாரும் தடுக்க முடியாது. அகராதி தொகுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அம்புலிக்குக் கீழே உட்பதிவாக அடக்காமல், ‘அம்புலிமாமா’வுக்குத் தனிப் பதிவு போடுங்கள். முதல் பொருள், குழந்தைக்குச் சோறூட்டும்போது நிலவை அழைக்கும் முறைப் பெயர். இரண்டாவது, 1947 ஜூலை முதல் சென்னையிலிருந்து வந்த சிறுவர் மாத இதழ். மூன்றாவதாக, ‘கதை’ என்ற சொல்லோடு சேர்ந்து வரும்போது நம்ப முடியாதது என்ற பேச்சு வழக்கு. வரிசை மட்டும் மாறக்கூடாது. மலையாளத்து அம்பிளி அம்மாவனையும் பெரியாழ்வாரின் பாசுரத்தையும் பிள்ளைத்தமிழின் ஏழாம் பருவத்தையும் ‘காண்க’ என்று அடியில் குறித்துவிடுங்கள்.